ஒன்றையொன்று துரத்தும் இரண்டு அம்புகள்

பிஸ்விக்கின் வலது தோள்பட்டை மூன்று நாளாகக் கையைத் தூக்க விடவில்லை. ஸோம்பா சந்தைக்கு எதிரே ஒரு சிமெண்ட் கம்பெனிக்காக நாற்பது அடிச் சுவர் முழுக்க நீலம் அடித்திருந்தான். பதினோரு நாள் வேலை. கடைசி இரண்டு நாள் ஏணியின் உச்சிப் படியில் நின்று, கழுத்தை முதுகுப்பக்கம் மடித்துக்கொண்டு எழுத்து எழுதினான். அதனால் அக்கா எலூபே வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் இடது கையால் சோளக்களியை உருட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், இடது கையில திங்கிறியே, அம்மா உன்னை இப்படியா வளர்த்தா?"

"வலது கை தூக்க முடியலக்கா."

"எனக்கும்தான் காலைத் தூக்க முடியல. அதுக்காகத் தலையாலயா நடந்து வந்தேன்?"

அவள் உட்கார்ந்து காலை நீட்டினாள். குதிகாலில் இரண்டு கொப்புளம் உடைந்திருந்தது. நமசிகா உரக் கிடங்கு அவள் வீட்டிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். அன்று போனது நான்காவது தடவை.

விஷயம் இதுதான். அக்டோபரில் எலூபே ஒரு பெட்டை ஆட்டை விற்று, மானிய உரம் இரண்டு மூட்டைக்குத் தன் பங்கைக் கட்டி, முத்திரை குத்திய ரசீதும் வாங்கியிருந்தாள். மூட்டைகள் கிடங்குக்குள் இருந்தன. சன்னல் வழியாகப் பார்த்தால் தெரியும். ஆனால் மூட்டை கைக்கு வர வேண்டுமானால் அரசாங்கம் கொடுத்திருந்த சிலேட்டுப் பலகை மாதிரியான கருவி அவளுடைய அடையாள அட்டையைப் படிக்க வேண்டும். அது படிக்கவில்லை. கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சின்னப் படத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. வட்டமாக வளைந்த இரண்டு அம்புகள், ஒன்றின் வாலை ஒன்று துரத்தியபடி.

"கிடங்குல இருக்கிற கென்சன் தம்பி நல்ல பையன்தான்" என்றாள் எலூபே. "சிலேட்டையே திருப்பிக் காட்டினான். 'பாருங்கம்மா, நான் சொல்லல, மெஷின் சொல்லுது. போயிட்டு திரும்ப வாங்க'ன்னான். பார்த்தேன். ஒரு அம்பு போகுது, ஒரு அம்பு வருது. நான் என்ன சொல்ல முடியும்?"

நமசிகாவில் யாரும் எதுவும் சொல்லவில்லை. இருநூறு பேர் மூன்று வாரமாகப் போனார்கள், வந்தார்கள். எங்கள் நாட்டில் அரசு அலுவலகம் ஒன்று மனிதனிடம் பேசுவதென்றால் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் பேசும். அதைப் படமாகவும் போட்டுவிட்டார்கள் என்றுதான் மக்கள் நினைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டதற்காக ஒரு கிழவர் அரசாங்கத்தைப் பாராட்டவும் செய்தார்.

மறுநாள் பிஸ்விக் சைக்கிளில் போய் அந்தப் படத்தைப் பார்த்தான். முப்பது வருடமாக முடிதிருத்தகத்துக்கும் சவப்பெட்டிக் கடைக்கும் பலகை எழுதுகிறவன். 'போய்விட்டுத் திரும்ப வா' என்று தன்னிடம் யாராவது வரையச் சொல்லியிருந்தால் தானும் இதையேதான் வரைந்திருப்பான் என்று அவனுக்குத் தோன்றியது.

"இதை அமுக்கித்தான் பாரேன், தம்பி" என்றான்.

கிடங்குக் குமாஸ்தா கென்சன் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டான். "அண்ணே, இதுக்கு நான் மூணு இடத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன். சொல்லாத எதையும் தொடக்கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கு. கெட்டுப்போனா ரெண்டு வருஷச் சம்பளத்துல பிடிப்பான். நீங்களா என் பிள்ளைக்குக் களி கிண்டுவீங்க?"

நியாயமான கேள்வி. பிஸ்விக் திரும்பி வந்துவிட்டான்.

இதெல்லாம் தலைநகரில் இருக்கும் தேசிய மின்கருவிச் சீர்மை ஆணையத்துக்குத் தெரியாமல் இல்லை. நாடு முழுவதும் நானூறு சிலேட்டுகள் செத்துக் கிடந்தன. புதிய மென்பொருள் தயாராக இருந்தது. அந்த வட்டத்தை அமுக்கினால் அது இறங்கிக்கொள்ளும். ஒருவரும் அமுக்கவில்லை. ஆணையம் கூடி, குமாஸ்தாக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, படத்தை மாற்றினால் போதும் என்று முடிவு செய்தது. கடன் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் உள்ளூர் ஓவியர் ஒருவர் கட்டாயம் வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். ஆணையத்தின் வாசல் பலகையை ஒரு காலத்தில் எழுதியவன் பிஸ்விக். அவன் போன் நம்பர் அந்தப் பலகையின் மூலையிலேயே இருந்தது.

டிசம்பர் ஐந்தாம் தேதி மினிபஸ்ஸில் நாலு பேர் இருக்கையில் ஆறாவது ஆளாக உட்கார்ந்து அவன் லிலோங்வே போய்ச் சேர்ந்தான். ஒரு காலை வேலைதானே, சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று மாற்றுச் சட்டைகூட எடுத்துக்கொள்ளவில்லை. மழை பிடித்து பத்து நாள் ஆகியிருந்தது. எலூபேயின் சோளம் முழங்கால் உயரம் வருவதற்குள் உரம் வைத்தாக வேண்டும்.

கூட்டம் ஜெபத்தோடு தொடங்கியது. பிறகு தேசிய கீதம். பிறகு அறிமுகம். பதினேழு பேரும் எழுந்து தங்கள் பெயர், பட்டம், பதவி, இதற்கு முன் வகித்த பதவி எல்லாம் சொன்னார்கள். அதற்குள் தேநீர் வந்தது. தேநீருக்குப் பின் ஆணையத்தின் முதன்மை இயக்குநர் டாக்டர் மாதெவேரே எழுந்தார்.

"மரியாதைக்குரிய எல்லாருக்கும் மரியாதை செலுத்தப்பட்டதா எடுத்துக்கங்க. இந்தச் சின்னம் நம்ம தேசத்தோட சின்னம். இது மக்களுக்கு விளங்கணும், அது முக்கியம். அதைவிட முக்கியம், விளங்கிச்சுங்கறதுக்கான அறிக்கை."

கைதட்டினார்கள். மேசைக் கடைசியில், மின்சாரம் வரும் ஒரே பிளக்கின் அருகே தியொங்கே என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். அந்த மென்பொருளை எழுதியவள் அவள்தான். அந்த அறையில் அது தெரிந்த ஒரே ஆளும் அவள்தான். பிஸ்விக் அவளிடம் மெதுவாகக் கேட்டான்.

"தாயி, இந்த அப்டேட்டுன்னா என்ன?"

"சிலேட்டு அதேதாண்ணே. உள்ள கெட்டுப்போனதை மட்டும் எடுத்துட்டு புதுசு வைக்கிறது."

பிஸ்விக் ஒரு தாளை எடுத்து, தோள் வலியோடு, நாலு நிமிடத்தில் ஒரு மண்வெட்டியை வரைந்தான். தகடு பழசு, தேய்ந்து கறுத்தது. காம்பு மட்டும் புதுசு, தோல் சீவிய வெள்ளை மரம். தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்த பெண் தட்டைத் தூக்கிக்கொண்டே அதைப் பார்த்தாள்.

"அட, மம்பட்டிக்குப் புதுக்காம்பு போட்டாச்சா? இனி வேலை ஓடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டாக்டர் மாதெவேரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுதான் ஆபத்து" என்றார். "பார்த்த உடனே விளங்கிடுச்சு. இப்போ நாம ஆலோசிச்சோம்னு எப்படி நிரூபிக்கிறது?"

பிறகு மண்வெட்டியைப் பற்றிப் பேசினார்கள். எந்தக் கட்சிக்கும் அது சின்னம் இல்லை என்று ஒருவர் சொன்னார். பிற்காலத்தில் ஏதாவது கட்சி கேட்கலாமே என்றார் இன்னொருவர். சும்மா சாய்ந்து கிடக்கும் மண்வெட்டி சோம்பேறித்தனத்தைக் காட்டுகிறது என்றார் விவசாயத் துறைக்காரர். அவர் வயலுக்குப் போய் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. பிஸ்விக் கையைத் தூக்கப் பார்த்து, தோள் விடாததால் விரலை மட்டும் தூக்கினான்.

"ஐயா, ஒண்ணு கேட்கலாமா? அந்த வட்டத்தை அமுக்கினா சரியாயிடும்னா, அமுக்குங்கடான்னு ஒரு கடுதாசி போட்டாப் போதாதா?"

இயக்குநர் அவனைப் பரிவோடு பார்த்தார்.

"ஓவியரே, கடுதாசிக்கு மூணு கையெழுத்து வேணும். மூணாவது கையெழுத்துக்காரர் ஜெனீவாவுல இருக்கார். சரி, போட்டோம்னு வைங்க. கடுதாசியிலேயே விளங்கிட்டா இந்தச் சின்னத் திட்டம் எதுக்குன்னு தணிக்கைக்காரன் கேட்பானா, மாட்டானா?"

பிஸ்விக் வராந்தாவுக்கு வந்து கென்சனுக்குப் போன் போட்டான். "தம்பி, நான் ஆணையத்துலேருந்தே பேசுறேன். அந்த வட்டத்தை அமுக்கு."

"சரிண்ணே. யாரு கையெழுத்துன்னு எழுதிக்கட்டும்?"

"என்னுதுன்னு எழுது."

"நீங்க யாருண்ணே?"

பிஸ்விக் போனை வைத்துவிட்டு உள்ளே போனான்.

அறுபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போய்த் தங்கினால்தான் இராப்படிப் பணம் உண்டு. அதனால் ஏரிக்கரையில்தான் சின்னத்தைத் தெளிவாக யோசிக்க முடியும் என்று ஆணையம் ஒருமனதாகக் கண்டுபிடித்தது. சலிமாவில் ஒரு விடுதி. முதலில் ஐந்து நாள் என்றார்கள். கிறிஸ்துமஸ் வந்ததால் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி ஜெபத்திலிருந்து தொடங்கினார்கள். பிஸ்விக் மட்டும் விடுதியிலேயே இருந்தான். வேலை முடிந்ததாக இயக்குநர் கையெழுத்துப் போட்டால்தான் ஊருக்குப் போக வண்டி. இயக்குநரோ கையெழுத்துப் போடும் பேனாவை லிலோங்வேயில் வைத்துவிட்டு வந்திருந்தார். இராப்படிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது வேறு பேனா.

மதியம் தட்டில் முழுச் சம்போ மீன், சோறு, இரண்டு வகை இறைச்சி. பிஸ்விக் தின்றான். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் தின்றான். தின்றுகொண்டிருக்கும்போதுதான் எலூபே போன் செய்வாள்.

"வரைஞ்சு முடிச்சிட்டியாடா?"

"இல்லக்கா. மீன்வளத் துறைக்காரர் மீன் வேணும்கிறார்."

"மம்பட்டியில மீனா?"

"மம்பட்டி போயிருச்சுக்கா. காம்பு மட்டும் இருக்கு. அதை மலை மேல நட்டிருக்கோம்."

எலூபே சொன்னாள், "சோளம் முழங்காலுக்கு வந்திருச்சு. அடி இலை நுனியெல்லாம் மஞ்சளாயிட்டு வருது. உன் மீன்கிட்ட சொல்லு."

மலை வேண்டும் என்றது சுற்றுலாத் துறை. மலை இருந்தால் வடக்குக்காரர்களுக்குத்தான் பெருமை, தெற்குக்கு என்ன என்று கேட்டு ஒரு தேயிலை இலை சேர்ந்தது. நீர் வாரியம் குழாய் கேட்டது. பெண்கள் நலப் பிரிவு ஒரு பெண்ணைக் கேட்டது. அவள் தலையில் பானை இருந்தால் பழைமைவாதம் என்றதால் புத்தகம் வைத்தார்கள். மீன் இடப்பக்கம் பார்ப்பதா வலப்பக்கம் பார்ப்பதா என்று இரண்டு நாள் பேசி, கடைசியில் நேராகப் பார்க்கட்டும் என்று தீர்மானித்தார்கள். நேராகப் பார்க்கும் மீனை வரைந்து பாருங்கள், தெரியும். சூரியனுக்கு எத்தனை கதிர் என்ற கேள்விக்கு மாவட்டங்களை எண்ணி இருபத்தெட்டு என்றார்கள். பிஸ்விக் எல்லாவற்றையும் வரைந்தான். சவப்பெட்டிக் கடைக்கு வேலை செய்தவன், கேட்டதைக் கேட்ட அளவில் கொடுத்துப் பழகியவன்.

ஒரு நாள் தியொங்கே சிலேட்டைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தாள். "ஐயா, கண்ணாடியில இது இந்த அளவுக்குத்தான் வரும்." சுண்டுவிரல் நகத்தைக் காட்டினாள்.

இயக்குநர் நகத்தைப் பார்த்தார். "சிலேட்டைப் பெருசு பண்ண முடியாதா?"

"நானூறு சிலேட்டு வாங்கியாச்சுங்கய்யா."

"அப்போ பிரச்சினை கொள்முதல் பிரிவோடது. குறிப்புல எழுதிக்கங்க. படத்துல ஒண்ணும் குத்தமில்ல."

பொதுமக்களிடம் சோதிக்க வேண்டும் என்று விதி இருந்தது. பொதுமக்களாக அதிகாரிகளின் ஓட்டுநர்கள் பன்னிரண்டு பேரை அழைத்து வரிசையாக உட்காரவைத்தார்கள்.

"இது என்னன்னு தெரியுதா?" என்று கேட்டார் இயக்குநர்.

முதல் ஓட்டுநர் கூர்ந்து பார்த்தார். "தெரியுதுங்கய்யா."

"என்ன தெரியுது?"

"ஐயாவுக்கு என்ன தெரியுதோ அதுதாங்கய்யா."

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. நூறு சதவீதத் தெளிவு என்று அறிக்கை போனது.

ஜனவரி எட்டாம் தேதி வெளியீட்டு விழா. ஆணையத்தின் துணிப் பதாகையில் சின்னம் வீட்டுக் கதவு அளவுக்கு அச்சாகியிருந்தது. அந்த அளவில் நன்றாகவே இருந்தது. டாக்டர் மாதெவேரே நாற்பது நிமிடம் பேசினார்.

"சிலர் கேட்கிறாங்க, ஒரு படத்துக்கு இத்தனை நாளான்னு. நான் சொல்றேன், அவசரப்பட்டு விவசாயிக்கு உதவி செஞ்சுட்டா, அப்புறம் அந்த உதவியை யாரு செஞ்சான்னு தெரியாமப் போயிடும். நாங்க நின்னு, நிதானமா, பதிவேட்டுல கையெழுத்துப் போட்டு உதவுறோம்."

கேள்வி நேரத்தில் தியொங்கே எழுந்தாள். "ஐயா, இந்தப் புதுச் சின்னம் சிலேட்டுக்கு எப்படிப் போகும்?"

"அப்டேட் வழியாத்தான்."

"அப்டேட் எப்படி ஆகும்?"

"சின்னத்தை அமுக்கினா ஆகும்."

"எந்தச் சின்னத்தைங்கய்யா?"

பழைய வட்டத்தை அமுக்கினால்தான் புதுச் சின்னம் வரும். பழைய வட்டத்தை யாரும் அமுக்காததால்தான் புதுச் சின்னமே. பதினேழு பேரும் இதை ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டது முகத்தில் தெரிந்தது. இயக்குநர்தான் முதலில் சமாளித்தார்.

"மிக ஆழமான கேள்வி. இதுக்காகத்தான் இரண்டாம் கட்டம். இடம் மங்கோச்சி விடுதி. முன்பதிவு செஞ்சாச்சு."

முன்பதிவு உண்மையிலேயே செய்திருந்தார்கள்.

அன்றே பிஸ்விக் கையெழுத்துக்கும் வண்டிக்கும் காத்திராமல் வெங்காய லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு ஊர் வந்தான். எலூபேயின் வயலைப் போய்ப் பார்த்தான். மஞ்சள் நடு நரம்புவரை ஏறியிருந்தது. உரம் வைத்தால் இன்னும் பாதியைப் பிழைக்க வைக்கலாம். ஜனவரி இருபதோடு கிடங்கு மூடிவிடும்.

பத்தாம் தேதி காலை பெயிண்ட் டப்பாக்களோடு நமசிகா போனான். கிடங்குச் சுவரில் வட்டமான இரண்டு அம்புகளை ஆள் உயரத்துக்கு வரைந்தான். அதன்மேல் அழுத்தும் ஒரு விரல். பக்கத்தில் ஒரு உர மூட்டை.

கென்சன் வெளியே வந்து பார்த்தான். "அழகா இருக்குண்ணே. ஆனா யாரு சொன்னதுன்னு இல்லையே."

பிஸ்விக் அவனையே பார்த்தான். முப்பது வருடத்தில் நூறு அரசுக் கதவுகளுக்குப் பலகை எழுதியவன். ஊதா டப்பாவைத் திறந்தான். படத்துக்குக் கீழே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்ட முத்திரை போட்டான். ஓரத்தில் யாராலும் படிக்க முடியாத சின்ன எழுத்து, நடுவில் தேதி. ரப்பர் முத்திரை சரியாகப் பதியாதபோது வருமே, அதேமாதிரி ஒரு பக்கத்தைக் கொஞ்சம் மங்கலாக விட்டான். அதன்மேல் குறுக்கே ஒரு கிறுக்கல்.

கென்சன் தொப்பியைக் கழற்றினான். "இதை முதல்லயே போட்டிருக்கலாமேண்ணே!" என்றான். உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, வரிசை முழுவதும் பார்த்திருக்க, வட்டத்தை அமுக்கினான்.

நாற்பது நிமிடத்தில் சிலேட்டு உயிர் பெற்றது. ஆட்கள் குலவையிட்டுக் கைதட்டினார்கள். பழைய வட்டம் மறைந்து அதன் இடத்தில் புதுச் சின்னம் வந்தது. நகம் அளவு மீன், மலை, குழாய், தேயிலை, பெண், புத்தகம், காம்பு, இருபத்தெட்டுக் கதிர். எல்லாம் சேர்ந்து நசுங்கிய வண்டு மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு.

முதல் ஆளாக நின்ற கிழவர் அட்டையைக் கொடுத்தார். கண்ணாடியில் பெருவிரலை வைக்கச் சொன்னான் கென்சன். விரல் வைக்கும் கட்டத்துக்கு அடுத்தாற்போல் அந்தப் பொட்டு. எங்கள் ஆட்கள் மரியாதை தெரிந்தவர்கள், மண் படிந்த கையை அரசாங்கக் கண்ணாடியில் அப்படியே வைக்க மாட்டார்கள். கிழவர் சட்டை முனையை எச்சிலில் நனைத்து, "ஐயோ, அழுக்கு ஒட்டியிருக்கே தம்பி" என்று பொட்டை அழுத்தித் துடைத்தார்.

சிலேட்டு அதை உத்தரவாக எடுத்துக்கொண்டது. முதலிலிருந்து அப்டேட் தொடங்கியது. நாற்பது நிமிடம்.

"தொடாதீங்க! அது அழுக்கில்ல, நான் வரைஞ்சது!" என்று பிஸ்விக் கத்தினான்.

"நீயா?" என்றாள் எலூபே. "இதையாடா ஒரு மாசமா வரைஞ்ச?"

அவன் சுவரில் 'அது அழுக்கல்ல' என்று எழுதி முத்திரையும் போட்டான். படிக்கத் தெரிந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, எது அழுக்கல்ல என்று கிட்டே குனிந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் துடைத்தார்கள். கென்சன் சிலேட்டை மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்தான், எட்டித் துடைத்தார்கள். நடுவில் பிழைத்த நேரத்தில் ஒருவர் இருவர் மூட்டை வாங்கினார்கள். மதியம் மூன்று மணிக்குச் சிலேட்டில் மின்சாரம் தீர்ந்துவிடும். எலூபேயின் எண் அறுபத்து மூன்று. ஜனவரி இருபதாம் தேதி மாலை கென்சன் ஐம்பத்தெட்டு என்று கூப்பிட்டான். அதற்குப் பிறகு சிலேட்டு, பருவம் முடிந்தது, நன்றி என்று காட்டியது.

மறுநாள் மூன்று வண்டிகளில் ஆணையம் வந்தது. பத்து நாளில் எண்பத்தேழு தடவை அப்டேட் செய்த ஒரே கிடங்கு நாட்டிலேயே நமசிகாதான். ஜெபம், கீதம், அறிமுகம். டாக்டர் மாதெவேரே கென்சனுக்குச் சான்றிதழ் கொடுத்தார்.

"மத்த கிடங்குகள்ல ஒரு தடவைகூட அமுக்கல. இங்க பாருங்க, மக்கள் வரிசையில நின்னு அமுக்கியிருக்காங்க! சின்னம் பேசியிருக்கு!"

எலூபே கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து ரசீதை நீட்டினாள். "ஐயா, என் மூட்டை ரெண்டும் அந்தா உள்ள இருக்கு. சன்னல்ல தெரியுது."

இயக்குநர் ரசீதை வாங்கி, திருப்பிப் பார்த்து, முத்திரை ஒழுங்காக இருக்கிறதா என்று சரிபார்த்தார்.

"ரொம்பச் சரியான ரசீதும்மா" என்று அவளிடமே கொடுத்தார். "பத்திரமா வச்சுக்கங்க. அடுத்த பருவத்துல போய்ட்டு வாங்க."

வண்டிகள் போயின. கிடங்கைப் பூட்டிவிட்டுக் கென்சனும் சான்றிதழோடு வீட்டுக்குப் போனான். பிஸ்விக் சிவப்பு டப்பாவைத் திறந்தான். தோள் இன்னும் தூக்க விடவில்லை. அதனால் இடது கையாலேயே, கோணல்மாணலாக, முத்திரைக்குப் பக்கத்தில் எழுதினான். எலூபே பின்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இதுக்கு முத்திரை போடலையாடா?"

"ஊதா தீந்துபோச்சுக்கா."

அரசாங்கம் எலூபே கலிலோம்பேக்குத் தர வேண்டியது: உரம், இரண்டு மூட்டை.